‘ஊட்டா ஆய்த்தா’வுக்கு ஒரு பதில்

1

பெங்களூருக்கு வந்து இந்தத் தை மாதத்தோடு ஐந்து வருஷம் முடிகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கான நம் பத்திரிகையில் புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. புலம்பெயர்வது என்றால் கடல் தாண்ட வேண்டும், பனியில் வழுக்கி விழ வேண்டும். நானோ குடியாத்தத்தில் காலையில் ரயிலேறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் வீடு வந்து சேர்ந்தவள்.

ஆனாலும் அந்நிய தேசத்துக்குப் போனவர்கள் படுகிற எல்லாமும் பட்டாயிற்று. பாஷை தெரியாமல் பஸ்ஸில் திட்டு வாங்கியாயிற்று. உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்குச் சான்றிதழ் வாங்க, உயிர் போகிற அளவுக்கு அலைந்தாயிற்று. ஆயுசு முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்தவளின் பேத்தி, வாழைப்பழத்தைச் சொல்ல நாக்கு வளையாமல் ‘பனானா’ கேட்பதையும் பார்த்தாயிற்று. ஆகவே எழுத எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஜோகுபாளையத்தில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவலாளி, வழக்கம்போல, “ஊட்டா ஆய்த்தா மேடம்?” என்றான். கன்னடத்தில் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அர்த்தம்தான் அது, உண்மையில் அது கேள்வி இல்லை, வணக்கம். காலை பத்து மணிக்கும் கேட்பார்கள், சாயங்காலம் விளக்கு வைக்கும்போதும் கேட்பார்கள். “ஆய்த்து” என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்ட வேண்டும். நான் நின்று, “இல்லப்பா, இன்னும் ஆகல” என்றேன்.

வணக்கம் சொன்னவனிடம் கைமாற்றுக் கேட்டது போல அவன் விழித்தான். பிறகு, பாவம், தன் டிபன் டப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தான். “பயப்படாதே, உன் சோறு எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு மாடியேறினேன்.

கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பான். இல்லை. ஆகாத சாப்பாட்டை ஆயிற்று என்று யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சரோஜா டீச்சரால் வந்த முடிவு.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் சரோஜா டீச்சர் டிரில் டீச்சர். புடவையை இழுத்துச் செருகி, கீழே வெள்ளை கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் வாலில்லாத வானரங்களும் வரிசையில் நிற்கும். படிக்கிற காலத்தில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவர். ஸ்டாஃப் ரூம் பீரோவை நகர்த்த வேண்டுமென்றால் நாங்கள் பியூனைக் கூப்பிட மாட்டோம், அவரைத்தான் கூப்பிடுவோம்.

கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் குமரன். அவனுக்கு முட்டையும் ஆட்டுக்கால் சூப்புமாக ஊட்டி வளர்த்தார். அவன் கம்ப்யூட்டர் படித்து பெங்களூருக்கு வந்தான், அம்மாவும் பின்னால் வந்தார். அவன் அமெரிக்கா போனான், அம்மா பின்னால் போக முடியவில்லை. கிளம்புமுன் சந்தாபுரா தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்துவிட்டுப் போனான். பிள்ளையை ஒண்ணாங்கிளாஸில் சேர்த்துவிட்டு, அழுகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் நழுவுவார்களே, அந்த மாதிரி.

விவேக் நகரில் தற்செயலாகப் பார்த்த ஒரு பழைய மாணவி சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பஸ் மாறிப் போனேன்.

இல்லம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வாசலில் புல்வெளி. புல்லில் நடக்கக் கூடாது என்று மூன்று பாஷையில் பலகை. நடக்கக் கூடியவர்கள் உள்ளே எத்தனை பேர் என்று பார்த்திருந்தால் அந்தப் பலகைச் செலவை மிச்சம் பிடித்திருக்கலாம்.

சரோஜா டீச்சர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். மணிக்கட்டில் கட்டியிருந்த கடிகாரம், கையைத் தூக்கியபோது முழங்கை வரைக்கும் சறுக்கிக்கொண்டு போனது. என்னை அடையாளம் கண்டதும், “அடடே, தமிழம்மா!” என்று இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழப் பார்த்தார். பாதி எழுந்தார். தொப்பென்று உட்கார்ந்தார். மறுபடி ஊன்றினார். மறுபடி தொப். அப்புறம், “ஒக்காந்தே பேசலாம், இன்னா இப்ப?” என்று சிரித்தார். புடவைக்குக் கீழே கால் தெரிந்தது. கெண்டைச் சதை என்ற ஒன்று இருந்த இடமே தெரியவில்லை.

மேனேஜர் வந்தார். ஆனேக்கல் பக்கத்துத் தமிழ்க்காரர். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘அல்வா’ என்று முடிப்பார். கன்னடத்தில் அதற்கு ‘இல்லையா’ என்று பொருள். அவரோ தமிழில் அதற்கு என்ன பொருளோ அதைத்தான் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மேடம் வந்தப்ப ரொம்ப வெயிட் இருந்தாங்க. இப்ப பாருங்க, நல்லா ஸ்லிம் ஆய்ட்டாங்க, அல்வா? பிபி கூட கன்ட்ரோல்ல இருக்குது. அவங்க சன்னுக்கு போட்டோ அனுப்பிச்சோம், அம்மா ஃபிட்டா இருக்காங்கன்னு அவருக்கு ஃபுல் குஷி.”

எழுந்து நிற்க முடியாதவளைப் பார்த்து ஃபிட் என்று எழுத ஒரு மேனேஜரும், அதைக் கேட்டுப் பூரிக்க ஒரு மகனும். படித்தவர்கள் நிறைந்த ஊர் இது.

அவர் போனதும் டீச்சர் என் கையைப் பிடித்தார். பிடியில் பழைய வலு இல்லை, ஆனால் விடவில்லை.

“தமிழம்மா, இங்க ஒரு ரூல் இருக்குது. தானா எழுந்து பாத்ரூம் போறவங்களுக்குத்தான் இந்தப் பக்கம். முடியாதவங்கள பின்னாடி பில்டிங்குக்கு மாத்திடுவாங்க. அங்க கட்டில், டயப்பர், டம்ளர்ல கஞ்சி. அந்தப் பக்கம் போனவங்க யாரும் இந்தப் பக்கம் வந்து நான் பாத்ததில்ல. அடுத்த மாசம் கமிட்டி வந்து என்னைப் பாக்குதாம்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னை அங்க அனுப்ப வுடாதீங்க.”

அந்த வாய் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

3

வாரத்துக்கு ஒரு நாள் வருகிற டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். “ஏஜ், மேடம். வயசானா இப்படித்தான்” என்றார். வயசானால் இப்படித்தான் என்றால் எனக்கும் டீச்சருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் இரண்டு பஸ் மாறி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன். டாக்டரிடமே அதைச் சொன்னேன். சீட்டில் ஏதோ வைட்டமின் எழுதினார்.

சரி, என்னதான் போடுகிறார்கள் என்று பார்க்க ஒரு மத்தியானம் அங்கேயே உட்கார்ந்தேன். விளம்பரத் தாளில் ‘முதியோருக்கேற்ற சாத்வீக உணவு’ என்று போட்டிருந்தார்கள். சாத்வீகம் தட்டில் வந்தது. மலை மாதிரி வெள்ளைச் சோறு. அதன்மேல் ஒரு சாறு, அதில் பருப்பைக் கண்டுபிடிக்க டார்ச் லைட் வேண்டும். பூசணிக்காய் இரண்டு துண்டு. தண்ணீராக மோர். காலையில் ரவை உப்புமா, சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரிக்குக் கஞ்சி. எல்லாம் வெள்ளையாக, எல்லாம் கொழகொழவென்று. வயிறு நிறையும். சதைக்கு ஒன்றும் போகாது.

இதற்கு நடுவில் பெரிய மனிதர்களின் தர்மம் வேறு. அன்றைக்கு ஒரு கம்பெனிக்காரர்கள் கழுத்தில் அட்டை தொங்க வந்து, எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜிலேபியும் முறுக்கும் கொடுத்து, சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஜிலேபி, பல்லில்லாதவர்களுக்கு முறுக்கு. புண்ணியம் மட்டும் இவர்களுக்கு.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. தட்டு வந்ததா, டீச்சர் சாறு ஆறட்டும் என்று காத்திருந்தார். முகத்தில் சதை வற்றியதால் பல்செட் நிற்காமல் ஆடுகிறது. சூடாகவும் முடியாது, வேகமாகவும் முடியாது. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். மஞ்சுளா என்ற ஆயா வாசலில் தலையை நீட்டி, “ஊட்டா ஆய்த்தா மேடம்?” என்றாள்.

“ஆய்த்து, ஆய்த்து” என்றார் டீச்சர், அழகாகச் சிரித்து.

மஞ்சுளா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சோற்று மலை அப்படியே.

“என்னங்க டீச்சர் இது? சாப்பிடவே இல்ல, ஆய்த்துன்னுட்டீங்க?”

“அவ வணக்கம் சொன்னா, நானும் வணக்கம் சொன்னேன்.”

“அவ கேட்டது சாப்பாட்டைங்க!”

“அது கேக்கறதில்ல தமிழம்மா. இங்க வந்த புதுசுல குமரன் சொல்லிக் குடுத்தான். ஊட்டா ஆய்த்தான்னா நம்மூர்ல சௌக்கியமான்னு கேக்கற மாதிரி, ஆய்த்துன்னு சொல்லிட்டு போய்க்கினே இரு, வேற எதுவும் பேசாதன்னான். காவிரிக் கலவரம் நடந்த ஊரு வேறயா, நானும் அதையே கெட்டியாப் புடிச்சிக்கினேன்.”

“அப்புறம் தட்டை எடுத்துட்டுப் போறாளே, அப்பயாவது சொல்லக் கூடாதா?”

“எடுத்துட்டுப் போற தட்டைப் புடிச்சி இழுக்கச் சொல்றீங்களா? இன்னொருத்தர் வீட்டுல பசிக்குதுன்னு கேட்டு எனக்குப் பழக்கமில்ல.”

மஞ்சுளாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சண்டைக்கு வந்தாள். “நான் டெய்லி கேக்கறேன் மேடம்! அவங்கதான் ஆய்த்து அந்தாங்க. ஆய்த்துன்னா நான் தட்டு எடுக்காம வேற என்ன பண்ணணும்?”

அவள் சொன்னதும் நியாயம். அவள் நிஜமாகவே கேட்டிருக்கிறாள், இவர் நிஜமாகவே வணங்கியிருக்கிறார். இரண்டு வருஷமாக ஒருத்தி சாப்பாட்டை விசாரிக்க, இன்னொருத்தி மரியாதையை விசாரிக்க, நடுவில் ஒரு உடம்பு கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அம்மாவுக்கு மகன் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு கன்னட வார்த்தை! அதையாவது உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தானா? ‘பேக்கு’ என்றால் வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் போதுமே.

‘ஆயிற்று’ என்பது இறந்தகால வினைமுற்று என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

4

வீட்டில் மாப்பிள்ளை ஜிம்முக்குப் போகிறார். சமையலறையில் ஒரு பெரிய டப்பா வைத்திருக்கிறார். அதிலிருந்து மாவை எடுத்துப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு, இரும்பைத் தூக்கிவிட்டு வந்து கண்ணாடி முன்னால் கையை மடக்கிப் பார்ப்பார். எதற்கு மாப்பிள்ளை இது என்றால், “புரோட்டீன் அத்தை. வெயிட் தூக்கணும், புரோட்டீன் சாப்பிடணும், அப்பதான் மசில் வரும்” என்றார். இந்த ஊரில் ஒரு பக்கம் இளைஞர்கள் பணம் கட்டிச் சதை வளர்க்கிறார்கள். இன்னொரு பக்கம் அவர்களைப் பெற்றவர்கள் பணம் கட்டிச் சதையைக் கரைக்கிறார்கள். நடுவில் ஓசூர் ரோடு ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு ஆகிற வைத்தியம் டிரில் டீச்சருக்கு ஆகாதா? வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து, பொட்டுக்கடலை மாவோடு சேர்த்து எடுத்துப் போனேன். பாசிப்பயறு சுண்டலை மசித்து எடுத்துப் போனேன். அதெல்லாம் மேனேஜர் கண்ணில் படவில்லை. முட்டை பட்டுவிட்டது.

“மேடம், நம்மது ப்யூர் வெஜ் ஹோம், அல்வா? கமிட்டி பர்மிஷன் பேக்கு. அவங்க சன் கிட்டேருந்து மெயில் பேக்கு.”

குமரனுக்கு மெயில் போட மகளை உட்கார வைத்தேன். பதில் வந்தது, இங்கிலீஷில். அன்புள்ள ஆன்ட்டி, உங்கள் அக்கறைக்கு நன்றி, இல்லத்தின் விதிமுறைகளை மதிக்கவே நான் விரும்புகிறேன். ஊட்டி வளர்த்த முட்டைகள் எல்லாம் அவன் முதுகெலும்புக்கு மட்டும் போகவில்லை போலிருக்கிறது.

டாக்டர் வருகிற நாளில் வழியை மறித்து நின்றேன்.

“முட்டைன்னு சீட்டுல எழுதுங்க டாக்டர்.”

“முட்டை மருந்து இல்லையே மேடம்.”

“வயசும்தான் வியாதி இல்ல. அதுக்கு மருந்து எழுதினீங்களே.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதினார். தினம் இரண்டு, அவித்தது, சாப்பாட்டோடு. அன்றிலிருந்து அந்த சுத்த சைவ இல்லத்தில் முட்டை மருந்தாகிவிட்டது. பின்பக்கம் தனி அடுப்பில் வேகும். மாத்திரைத் தட்டில் இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் உருளும். விதியும் பிழைத்தது, முட்டையும் பிழைத்தது. மனிதர்கள் பிழைப்பதைப் பற்றி விதியில் ஒன்றும் போடவில்லை.

மஞ்சுளாவிடம் தனியாகப் பேசினேன். “ஊட்டா ஆய்த்தான்னு கேக்காத தாயி. தட்டைப் பாரு. பாத்துட்டு, இன்னும் இருக்குதே, சாப்பிடுங்கன்னு சொல்லு.” அவள் தலையாட்டினாள். டீச்சரிடமும் சொன்னேன், சாப்பிட்டு முடிக்காமல் ஆய்த்து என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது என்று. ஸ்பெல்லிங் தப்பாக எழுதிய பிள்ளை மாதிரி முறைத்தார்.

எழுந்து நிற்பதுதான் பெரிய பாடாக இருந்தது. முதல் இரண்டு தரம் தொப்பென்று விழுந்ததும், “வுடுங்க தமிழம்மா, ஆவறதில்ல” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வெயில்ல எத்தனை பொண்ணுங்கள நிக்க வெச்சீங்க? மயக்கம் வருது டீச்சர்னு எவளாவது சொன்னா வுட்டீங்களா?” என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமி, மைதானத்துக்குக் கேட்கிற குரலில் தனக்குத்தானே கத்தினார்.

“அட்டே...ன்ஷன்!”

இல்லமே திரும்பிப் பார்த்தது. பாதிக்கு மேல் எழுந்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்து மீதியையும் எழுந்தார். “ஸ்டாண்டட்டீஸ்!” உட்கார்ந்தார். மறுநாளும் அதே. அடுத்த அறையில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று ஆபீஸில் புகார் கொடுத்தார். அங்கே தூக்கத்துக்குப் பஞ்சமா? தூங்குவது ஒன்றுதான் அங்கே கேட்காமல் கிடைத்தது.

5

கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் கோட்டு போட்ட ஒரு ஆள், கையில் ஃபைல், பின்னால் மேனேஜர். ஜன்னலோர அறையை அவர் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்தது. அந்த அறைக்கு வேறு யாரோ காத்திருந்தார்கள்.

“மேடம், கொஞ்சம் ஏளி பார்க்கலாம்” என்றார். எழுந்திரியுங்கள் என்று அர்த்தம்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. ஜன்னல் கம்பியைத் தொடாமல் எழுந்தார். முழங்கால் நடுங்கியது, ஆனால் நின்றார். கோட்டு ஆசாமி ஃபைலை மூடும் வரைக்கும் நின்றார். “ஆரோக்யா சென்னாகிதே” என்றார் அவர், ஆரோக்கியம் நன்றாக இருக்கிறதாம். சொன்னவர் முகத்தில் ஈயாடவில்லை.

இதோடு நிறுத்தினால் கதை நன்றாக முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதாமல் விட முடியவில்லை.

மத்தியானத் தட்டு வந்திருந்தது. பருப்பு கொஞ்சம் கெட்டியாக, முட்டை இரண்டு. டீச்சர் கை கழுவிவிட்டு உட்காரும்போது, அமெரிக்காவிலிருந்து போன் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. குமரன்தான். ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம் கூப்பிடுவான். டீச்சர் தானாக எழுந்தார், கைத்தடியை எடுத்தார், வராந்தா முழுக்க நடந்தே போனார். பழைய நடை இல்லைதான். ஆனால் நடை. நானும் பின்னால் போனேன். ஆபீஸ் வாசலில் மஞ்சுளா வாளியோடு நின்றிருந்தாள்.

போனில் அவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான்.

“ஆச்சுப்பா, ஆச்சு” என்றார் டீச்சர். குரலே மாறிவிட்டது. “வயிறு முட்ட ஆச்சு. எனக்கின்னா கொறச்சல்? நீ சாப்ட்டியா, கண்ணு?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை பாடுபட்டது எதற்கு? எழுந்து நின்றதை, கமிட்டியை ஜெயித்ததை ஒரு வார்த்தை அவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

திரும்பி வந்து பார்த்தால் அறையில் தட்டைக் காணோம். ஸ்டூலைத் துடைத்தே வைத்திருந்தாள் மஞ்சுளா.

“தட்டு எங்கடி?” என்று நான் கத்தினேன்.

“அவங்களேதான் சொன்னாங்க மேடம், ஆச்சு, வயிறு முட்ட ஆச்சுன்னு. நான் வாசல்லேருந்து கேட்டேனே! இந்தத் தடவை தமிழ்லயே சொன்னாங்க!”

நான் வாயைத் திறப்பதற்குள் சரோஜா டீச்சர் கையமர்த்தினார். நாற்காலியில் உட்காரவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலையும் அகட்டி நின்றார்.

“அது அவனுக்குச் சொன்னது” என்றார். “எனக்கு இன்னும் ஆகல. கொண்டா.”

தட்டு வந்தது. முட்டை ஆறிப் போயிருந்தது. இரண்டையும் சாப்பிட்டார்.